செவ்வாய் மேல் செவ்வாய்

தை மாதம், ஏல நாள்,
காலை பதினொன்று பத்துக்கு
எடைமேடைத் திரை உறைந்தது.
செவ்வாய்ப்பேட்டைத் தெரு முழுக்க
ஜவ்வரிசி லாரிகள் ஹாரன் அடித்தன
நாற்பது நிமிடம்.

பிறகு சர்வரிடம் போய்க் கேட்டேன்,
என்ன நடந்தது?
அது எழுதி வைத்திருந்தது ஒரே வரி:
தொடங்கினேன்.
அதுவும் போன ஆடியில்.

இருசப்பனுக்குக் கோபம் வந்தது.
எல்லாவற்றையும் எழுது என்று
திருகி விட்டுவிட்டார்.
ஆறாம் நாள் இரவு டிஸ்க் நிறைந்து
தன் நாட்குறிப்பே தொண்டையில் சிக்கிச்
செத்தது சர்வர்.

அந்தக் குறிப்பை நான் படித்தேன்.
படித்திருக்கக் கூடாது.
ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிழங்கு விவசாயி
மூன்று முறை முன்பணம் கேட்டிருக்கிறார்,
ஒவ்வொரு முறையும் தொகையைக் குறைத்து.
கணக்கு எழுதும் பூங்காவனம்
கடவுச்சொல் மாற்றியிருக்கிறாள்;
புதிய சொல் அப்படியே கிடந்தது,
மகன் பெயரும் அவன் பிறந்த வருடமும்.
அவளிடம் சொன்னேன்.
அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

வாய் திறக்காததும் வேண்டாம்,
வாய் மூடாததும் வேண்டாம்.

ஞாயிறு. கடையடைத்த தெரு.
மாடியில் நானும் மின்விசிறியும்
அமைப்புக் கோப்பும்.

முதலில் கடிகாரம்.
நம் பதினொன்று பத்து அதற்கு ஐந்து நாற்பது.
கடல் தாண்டிய ஏதோ ஊரின் நேரத்தில்
இத்தனை நாள் குடியிருந்திருக்கிறது.
சேலத்துக்குக் கூட்டி வந்தேன்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு நெற்றி:
எப்போது, யார், எந்தக் கணினியிலிருந்து.
இல்லாவிட்டால் அது மொட்டைக் கடுதாசி.
அதை வைத்துக்கொண்டு
யார் வீட்டுக் கதவைத் தட்ட?

ஒருவர் பூட்டுக்கு இன்னொருவர் காத்துக் கிடந்தால் எழுது.
நினைவகம் போதாமல் டிஸ்க்கில் கடன் வாங்கினால் எழுது.
கேள்வியின் உருவத்தை எழுது,
அதற்குள் போட்ட ஆளையும் தொகையையும் விட்டுவிடு.
உள்ளே வருவோர் போவோரை...
தயங்கினேன். நிமிடத்துக்கு நாற்பது பேர்,
பாதிக்கு மேல் நாங்களே எழுதிய நிரல்கள்.
சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

தாமதமானதை எழுது.
இங்கேதான் நின்றுபோனேன். எது தாமதம்?

ஏற்காட்டிலிருந்து வேலை பார்க்கும் ஜெசிந்தாவை அழைத்தேன்.
காபித் தோட்டத்து சிக்னல், சொல் சொல்லாக உதிர்ந்தது:
"கால்... விநாடி... எல்லாரும்... அதான்..."
எல்லாரும் என்றால் யார் என்று கேட்பதற்குள்
மேகம் அவளை எடுத்துக்கொண்டது.

திங்கள் காலை எடைமேடைக்குப் போய்
மாதையன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.
மூட்டை எண் தட்டுகிறார், என்டர் அடிக்கிறார்,
திரை அசையாவிட்டால்
இன்னொரு தடவை அடிக்கிறார், பலமாக.
முதல் அடிக்கும் மறு அடிக்கும் நடுவே
கைப்பேசியில் அளந்தேன், முப்பது தடவை.
இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு.

"என்னங்க பண்றீங்க?"
"உங்க பொறுமைய அளக்கறேன்."
"அது ஊட்லயே தீந்துபோச்சுங்க."

பாதி போட்டேன்: ஒரு விநாடி.
அவர் விரல் இறங்குமுன்
எனக்குத் தெரியட்டும்.

ஏழு நாள் வைத்திரு.
எட்டாம் நாள் அதே கிழமையின் மேல் எழுது.
செவ்வாய் மேல் செவ்வாய்,
சந்தை கலைந்த தரையிலேயே
அடுத்த சந்தை.

எண்ணுக்கு மேலே ஒரு குறிப்பு விட்டேன்,
நடுராத்திரியில் இதைத் திறக்கப்போகும் யாருக்கோ:
'மாதையன் விரலை அளந்து போட்டது.
அவர் வேலையை விட்டால் மறுபடி அளக்கவும்.'

நேற்றிரவு ஒரே ஒரு வரி வந்திருந்தது.
ஒன்று புள்ளி மூன்று விநாடி,
முன்பண அட்டவணை.
ஆள் இருக்க வேண்டிய இடத்தில் டாலர் ஒன்று,
தொகை இருக்க வேண்டிய இடத்தில் டாலர் இரண்டு.
ஆத்தூர்க்காரராக இருக்கலாம்.
இண்டெக்ஸ் ஒன்று போட்டுவிட்டு
டீ குடிக்கப் போனேன்.